குளிர்கால லியோனுக்கு இரண்டு நாள்

பாரிஸிலிருந்து டிஜிவி அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். டிசம்பர் 8-ஐ ஒட்டி ஒளித் திருவிழா நடக்கும்போது அறை வாடகை எகிறிவிடும். நிம்மதியாகச் சுற்ற ஜனவரிதான் நல்லது.

சோன் நதிக்கரைப் பழைய நகரில் தவறவிடவே கூடாதவை திராபூல்கள்: வீடுகளுக்குள் புகுந்து அடுத்த தெருவில் வெளியேறும் நடைவழிகள். ரூ சென்-ழான் தெருவில் 54-ம் எண் கதவைத் தள்ளி நுழைந்தால், முற்றங்களைக் கடந்து ரூ து பஃப் தெருவில் 27-ம் எண்ணில் வெளிவரலாம். காலையிலேயே போய்விடுங்கள், நேரமானால் பல கதவுகள் பூட்டிவிடும். உள்ளே குடும்பங்கள் வசிக்கின்றன, சத்தம் வேண்டாம்.

ஃபூர்வியேர் குன்றுக்குக் கேபிள் ரயில் உண்டு. ஒரே நிலையத்திலிருந்து இரண்டு தடங்கள் கிளம்புவதால் பலர் மாறி ஏறிவிடுகிறார்கள். சென்-ஜூஸ்த் வண்டி குன்றின் மேலுள்ள பசிலிக்கா தேவாலயத்துக்குப் போகாது. ரோமானிய அரங்குகளுக்கு மட்டும் அதில் ஏறி மினிம் நிறுத்தத்தில் இறங்கலாம். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், நாலு மணிக்குள் மேலே இருங்கள்.

பூஷோன் எனப்படும் லியோனின் பாரம்பரிய உணவகங்கள் பல ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. சனிக்கிழமை மதியத்துக்கே மேசை பதிவு செய்யுங்கள்.