ஸ்பின்னிங் ரீலுக்கு எந்த நரம்பு?

நான் முதன்முதலாக ஸ்பின்னிங் ரீல் வாங்கி முட்டுக்காடு கழிமுகத்தில் நின்ற காலையில், அந்த 3000 அளவு ரீலில் 30 பவுண்டு எடை தாங்கும் நைலான் நரம்பை, அதாவது தூண்டில் இழையை, சுற்றி வைத்திருந்தேன். கொடுவா முரட்டு மீன், பாலத் தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் கத்திபோல் அறுக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால், கடையில் இருந்தவற்றுள் வலுவானதைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக எனக்குப் பெருமையும் இருந்தது. முதல் வீச்சில் லூர் என்ற செயற்கை இரை பத்துப் பதினைந்து மீட்டர் தொலைவில் விழுந்தது. மூன்றாவது வீச்சில், நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலில் இருந்த நரம்பெல்லாம் சுருள்வில் போலத் துள்ளி வெளியே வந்து, ரீலின் கழுத்திலும் கைப்பிடியிலும் சுற்றிக்கொண்டது. பக்கத்தில் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்த முதிய மீனவர் ஒருவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, கயிறு கட்டியா மீன் புடிக்க வந்தீங்க?" என்றார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. அந்த நரம்பின் தடிமன் ஏறத்தாழ 0.55 மில்லிமீட்டர். நான் பவுண்டைப் பார்த்தேனே தவிரத் தடிமனைப் பார்க்கவில்லை. ஸ்பின்னிங் ரீலுக்கு நரம்பு தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தடிமனையும் மென்மையையும்தான், வலு அதற்குப் பிறகே என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்கு ஏற்பட்டிருக்கும் உறுதியான கருத்து. அதற்கான காரணம் ரீலின் அமைப்பிலேயே இருக்கிறது.

பெய்ட்காஸ்டிங் ரீலில் ஸ்பூல் சுழன்று நரம்பை விடுகிறது. ஸ்பின்னிங் ரீலிலோ ஸ்பூல் அசையாமல் நிற்க, நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாகக் கழன்று செல்கிறது. ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1905-இல் காப்புரிமை பெற்ற நிலைஸ்பூல் ரீலும் இதே முறையில்தான் இயங்கியது. அவர் நெசவுத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர். நூற்கண்டின் முனையிலிருந்து நூல் கழன்று வருவதைப் பார்த்தவருக்கு இந்த எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை. இப்படிக் கழலும் ஒவ்வொரு வளையமும் தூண்டில் கம்பில் பொருத்திய முதல் உலோக வளையத்துக்குள் நுழைவதற்கு முன் சுருங்கி நேராக வேண்டும். தடித்த, விறைப்பான நரம்பு சுருங்க மறுக்கிறது. கம்பின் வளையத்தில் மோதி உராய்ந்து வீச்சின் வேகத்தைத் தின்றுவிடுகிறது. நரம்பை வழிநடத்தும் கம்பி வளைவான பெயிலைத் திறந்ததும் தானாகவே விரிந்து வெளியே குதிப்பதும் அதே விறைப்பால்தான்.

நம் ஊர்க் கடைகளில் நரம்பு என்றோ தங்கூஸ் என்றோ கேட்டால் கிடைப்பது ஒற்றை இழை நைலான். விலை குறைவு, முடிச்சு எளிதில் பிடிக்கும், சிராய்ப்பை ஓரளவு தாங்கும். இழுத்தால் நன்றாக நீளும். மீன் திடீரென்று பாயும்போது அந்த நெகிழ்வு அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதால், டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்கை, சரியாக வைக்கத் தெரியாத புதியவரின் பிழைகளை நைலான் பல நேரங்களில் மன்னித்துவிடும். ஆனால் நைலான் தண்ணீரை உறிஞ்சுகிறது, நனைந்தால் வலுவில் ஒரு பகுதியை இழக்கிறது, வெயில் பட்டுப் பட்டு நலிகிறது, ஸ்பூலில் நாள்பட இருந்தால் அந்தச் சுருளின் வடிவத்தை மறப்பதே இல்லை. ஆறு மாதம் பரணில் கிடந்த ரீலை எடுத்து வீசிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

ஃப்ளோரோகார்பன் நரம்பைப் பற்றிக் கடைகளில் சொல்லப்படும் முதன்மையான விளம்பரம், அது தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது என்பது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளோரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு ஏறத்தாழ 1.53. ஆகவே நைலானைவிடக் குறைவாகத் தெரியும் என்பது உண்மை. அறவே தெரியாது என்பது மிகை. கலங்கிய கழிமுகத் தண்ணீரில் இந்த வேறுபாட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் உண்மையான சிறப்பு வேறு: தண்ணீரை உறிஞ்சாது, வெயிலுக்கு அசராது, மேற்பரப்பு கடினமானது, தண்ணீரைவிட 1.78 மடங்கு அடர்த்தி உள்ளதால் மூழ்கும். இவையெல்லாம் லீடருக்கு, அதாவது நரம்பின் முனைக்கும் லூருக்கும் இடையே கட்டும் குட்டையான துண்டுக்கு, உகந்த குணங்கள். ஆனால் அந்த விறைப்போடு அதை ஸ்பூல் முழுவதும் சுற்றி வைப்பது, மிக மெல்லிய அளவுகளைத் தவிர, முன்பு நான் செய்த பிழையை அதிக விலை கொடுத்து மறுபடியும் செய்வதாகும்.

இன்று என் ரீல்களில் இருப்பது பிரெய்ட், அதாவது மிக நுண்ணிய பாலிஎதிலீன் இழைகளை நான்காகவோ எட்டாகவோ பின்னிச் செய்த நரம்பு. 20 பவுண்டு நைலான் சுமார் 0.45 மில்லிமீட்டர் தடிமன் என்றால், அதே வலு உள்ள பிரெய்ட் 0.23 மில்லிமீட்டர் அளவிலேயே கிடைத்துவிடுகிறது. தடிமன் பாதியானால் குறுக்குவெட்டுப் பரப்பு கால் பங்காகிறது. அதனால் வீச்சின் தொலைவு கூடுகிறது, நீரோட்டமும் காற்றும் நரம்பை வளைத்து இழுப்பது குறைகிறது, ஸ்பூலில் நீளமும் கூடுதலாகக் கொள்ளும். நூல்போல மென்மையாக இருப்பதால் சுருள் வடிவம் பதிவதே இல்லை. அது ஏறத்தாழ நீளாது என்பதால், 40 மீட்டர் தொலைவில் லூரின் வாலை மீன் தொட்டுவிட்டுப் போனால்கூட விரலில் தெரியும். இந்த ஒரு குணத்துக்குப் பழகிய பிறகு நைலானுக்குத் திரும்புவது, கையுறை போட்டுக்கொண்டு வீணை வாசிப்பதைப் போல இருக்கிறது.

நீளாத குணத்துக்கு விலையும் உண்டு. மீன் கரையருகே வந்து கடைசியாக ஒருமுறை பாயும்போது நெகிழ்ந்து கொடுக்க நரம்பில் ஒன்றும் இல்லை. கம்பும் டிராக்கும் மட்டுமே தாங்க வேண்டும். ஆகவே என் அமைப்பில் மிகவும் நலிந்த கண்ணியின் வலுவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக்கைச் சிறிய தொங்குதராசு கொண்டு அளந்தே வைக்கிறேன். மேலும் இழுபட்டு விறைத்து நிற்கும் பிரெய்ட் சிப்பியின் விளிம்பில் பட்டால் அடுத்த நொடியே அறுந்துவிடும். அது கையையும் அறுக்கும். பாறையில் மாட்டிய லூரை விடுவிக்க நரம்பை விரலில் சுற்றி இழுத்ததன் தழும்பு என் ஆட்காட்டி விரலில் இன்னும் இருக்கிறது. இப்போது அதற்கென்றே ஒரு மரக்கட்டையைப் பையில் வைத்திருக்கிறேன்.

நான்கு இழையா, எட்டு இழையா என்ற கேள்விக்கு நான் நெடுநேரம் செலவிட மாட்டேன். எட்டு இழை உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் வளையங்களில் ஓசையின்றி ஓடும். நான்கு இழையில் ஒவ்வோர் இழையும் தடித்தது என்பதால் சிராய்ப்பைச் சற்று கூடுதலாகத் தாங்கும், விலையும் குறைவு. சிப்பிப் பகுதியில் வீசுவோர் நான்கையும், திறந்த கடற்கரையில் தொலைவுக்கு வீசுவோர் எட்டையும் தேர்ந்தெடுத்தால் போதும்.

அட்டையில் அச்சாகியிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பவுண்டு என்ற ஒரே எண்ணை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு பொருளில் எழுதுகின்றன. உலக மீன்பிடிச் சாதனைகளைப் பதியும் ஐஜிஎஃப்ஏ அமைப்பின் சாதனைப் பதிவுக்கு உரிய நரம்புகள், நனைந்த நிலையில், குறிப்பிட்ட எடைக்குள் அறுந்தாக வேண்டும். சாதாரண நரம்புகளோ குறிப்பிட்ட எடைக்கு மேலும் தாங்கலாம், சில மலிவான பிரெய்டுகள் அந்த எடையைத் தொடுவதே இல்லை. ஜப்பானிய முறையில் எழுதப்படும் பிஇ எண் தடிமனைக் குறிப்பது என்பதால் எனக்கு அதுவே பிடித்தமானது: பிஇ 1 என்பது 0.165 மில்லிமீட்டர், பிஇ 2 என்பது 0.235, பிஇ 3 என்பது 0.285. மலிவான பிரெய்ட் ஒன்றை ஒருமுறை வாங்கி மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்தேன். அட்டையில் போட்டிருந்ததைவிடக் கண்கூடாகத் தடித்திருந்தது. பின்னல் நரம்பு அழுத்தினால் தட்டையாகிவிடுவதால் அந்த அளவீட்டைத் துல்லியம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 150 மீட்டர் என்று எழுதியிருந்த அந்த நரம்பு ஸ்பூலில் அடைத்துக்கொண்ட இடமே மீதிக் கதையைச் சொல்லிவிட்டது.

ஸ்பூலின் கொள்ளளவுக் கணக்கு எளிது. ரீலில் 0.30 மில்லிமீட்டர் நரம்பு 200 மீட்டர் கொள்ளும் என்று எழுதியிருந்தால், 0.24 மில்லிமீட்டர் நரம்பு எவ்வளவு கொள்ளும் என்பதற்கு இரு தடிமன்களின் விகிதத்தை வர்க்கப்படுத்திப் பெருக்க வேண்டும்: 1.25-இன் வர்க்கம் 1.5625, ஆகவே சுமார் 312 மீட்டர். என்னிடம் இருப்பது 150 மீட்டர் பிரெய்ட் மட்டுமே என்றால், மீதி இடத்தை அடியில் சுமார் 100 மீட்டர் பழைய 0.30 நைலான் கொண்டு நிரப்பலாம். இதனால் பணம் மிச்சமாவதோடு இன்னொரு நன்மையும் உண்டு: வழவழப்பான பிரெய்டை நேரடியாக வெற்று ஸ்பூலில் கட்டினால் பெரிய மீன் இழுக்கும்போது முழுச் சுற்றும் வழுக்கிச் சுழலும், டிராக் பழுதாகிவிட்டதோ என்று நாம் குழம்புவோம். அடியில் நைலான் இருந்தால் அது பிடித்து நிற்கும்.

நிரப்பும்போது ஸ்பூலின் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் குறைவாக நிறுத்திவிடுகிறேன். அதற்கு மேல் நிரப்பினால் ஒரே வீச்சில் பல வளையங்கள் சேர்ந்து கழன்று காற்றில் முடிச்சு விழும்; மிகக் குறைத்தால் நரம்பு விளிம்பில் உராய்ந்து தொலைவு குறையும். பிரெய்டை ஈரத் துணிக்குள் அழுத்திப் பிடித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். வீசி முடித்ததும் பெயிலைக் கையால் மூடி, தளர்ந்த நரம்பை ஒருமுறை இழுத்துவிட்டுச் சுழற்றத் தொடங்கினால் முடிச்சுத் தொல்லை பெரும்பாலும் வராது. முறுக்கு ஏறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மீன் டிராக்கை இழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போது நாம் பதற்றத்தில் கைப்பிடியைச் சுழற்றுவோம். நரம்பு உள்ளே வராமல், ஸ்பூலைச் சுற்றி ஓடும் ரோட்டர் மட்டும் சுற்றுவதால், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ரோட்டர் 5.2 முறை சுற்றும் ரீலில் பத்துச் சுற்றுக்கு 52 முறுக்குகள் நரம்பில் ஏறிவிடும். அதற்கு நரம்பைக் குறை சொல்வதில் பயனில்லை.

லீடர் இல்லாமல் பிரெய்டை நேரடியாக லூரில் கட்டுவதைக் கழிமுகத்தில் நான் ஒருபோதும் செய்வதில்லை. கொடுவாவுக்கு அறுக்கும் பற்கள் இல்லை. ஆனால் அதன் உதடு அரம்போல் சொரசொரப்பானது, செவுள் மூடியின் விளிம்போ உண்மையான கத்தி. ஆகவே பிஇ 1.5 நரம்போடு 30 அல்லது 40 பவுண்டு ஃப்ளோரோகார்பன் ஒன்றரை மீட்டர் சேர்க்கிறேன். அது கம்பின் வளையங்களைத் தாண்டி உள்ளே போக வேண்டும் என்பதால் இணைப்பு முடிச்சு மெல்லியதாக இருப்பது முக்கியம். எஃப்ஜி முடிச்சை வீட்டில் அமர்ந்து நூறு முறையாவது கட்டிப் பழகியிருந்தால், காற்றில் ஆடும் படகிலும் கட்ட வரும். பழகும்வரை இரட்டை யூனி முடிச்சு போதும். பிரெய்ட் பக்கம் எட்டுச் சுற்று, லீடர் பக்கம் ஐந்து சுற்று. சீலா மீன் திரியும் இடங்களில் ஃப்ளோரோகார்பனும் நிற்காது. அங்கே மெல்லிய எஃகுக் கம்பிதான். நீர்மட்டத்தில் நீந்தும் லூருக்கு நான் நைலான் லீடரையே கட்டுகிறேன், ஏனெனில் மூழ்கும் நரம்பு அதன் மூக்கைக் கீழே இழுத்துவிடும்.

நைலானை முழுவதும் ஒதுக்கிவிட்டேன் என்று இதற்குப் பொருள் இல்லை. உயிர் இரையைத் தக்கையில் கட்டி ஏரியில் விராலுக்குக் காத்திருக்கும் என் உறவுப் பையனின் 2500 ரீலில் நானே 0.28 மில்லிமீட்டர் நைலான் சுற்றிக் கொடுத்தேன். அவனுக்குத் தொலைவு தேவையில்லை, சிக்கல் விழுந்தால் அவிழ்க்கத் தெரிய வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் அதைக் கழற்றிவிட்டுப் புதியதைச் சுற்றினால் போதும். பிரெய்டோ பல ஆண்டுகள் உழைக்கும். வெளிப்பக்கம் 60, 70 மீட்டர் பஞ்சுபோல் பிசிறு தட்டியதும் முழு நரம்பையும் வேறொரு ஸ்பூலுக்கு மாற்றித் தலைகீழாக்கிச் சுற்றினால், அடியில் வெயில்கூடப் படாமல் இருந்த பகுதி மேலே வந்துவிடும்.

லீடர் மட்டும் அப்படி இல்லை. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி அரை மீட்டரை விரல்நகத்தின் மீது ஓட்டிப் பார்க்கிறேன். சிறு நெருடல் தெரிந்தாலும் அந்தத் துண்டை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, லூரை மறுபடியும் கட்டிவிட்டே அடுத்த வீச்சு.