நீலம் ஏறாத ஸ்லைடு

சிறுநீரக மாற்று அறுவை முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தவருக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. வெளியூர் மருத்துவமனையிலிருந்து பயாப்சி வந்தது. நான் நோய்க்குறியியலில் சேர்ந்து இரண்டாவது வருடம். ஸ்லைடில் பெரிய பெரிய பி செல்கள் (ஒரு வகை வெள்ளணுக்கள்) மண்டிக் கிடந்தன. எப்ஸ்டீன்-பார் வைரஸ் வேலையாகத்தான் இருக்கும் என்று ஈபர் சோதனைக்குப் போட்டேன்.

ஈபர் என்பது வைரஸ் பதுங்கியிருக்கும்போதும் உண்டாக்கும் சிறிய ஆர்.என்.ஏ. அது புரதமாக மாறுவதில்லை. ஆனால் ஒரே செல்லுக்குள் பத்து லட்சம் பிரதிகள் வரை இருக்கும். அது இருக்கும் உட்கருவைச் சோதனை நீலமாக்கிக் காட்டும். அப்படியிருந்தும் அன்று ஓர் உட்கருவில்கூட நீலம் ஏறவில்லை. நெகட்டிவ் என்று எழுதி மேடத்திடம் கொண்டுபோனேன்.

"கன்ட்ரோல் பார்த்தியாப்பா?"

சோதனை சரியாக வேலை செய்கிறதா என்று ஒப்பிட வைக்கும் ஸ்லைடுதான் கன்ட்ரோல். பார்த்திருந்தேன். ஆனால் அது வேறொருவரின் திசு. இவருடைய திசுவிலேயே ஆர்.என்.ஏ. பிழைத்திருக்கிறதா என்பதுதான் அவர் கேட்டது. எல்லாச் செல்லிலும் இருக்கும் ஆர்.என்.ஏ.வைத் தேடும் சோதனையைப் போட்டுப் பார்த்தோம், அந்த ஸ்லைடிலும் நீலம் இல்லை. விசாரித்தால், திசுவை, அதைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் உடனே போடாமல் இரண்டு நாள் சலைனில் (உப்புநீரில்) வைத்திருந்திருக்கிறார்கள்.

1963 இறுதியில் உகாண்டாவிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட பர்கிட் கட்டித் (பி செல்களில் வரும் ஒரு புற்றுநோய்) துண்டு ஒன்று, பனிமூட்டத்தால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டதில் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதில் உதிர்ந்து மிதந்த செல்களை வளர்த்துத்தான் எப்ஸ்டீன், அச்சோங், பார் மூவரும் 1964-ல் இந்த வைரஸைக் கண்டார்கள். அந்தத் தாமதம் நல்லதாய் முடிந்தது. எங்களுக்கு வாய்த்த தாமதம் அப்படிப்பட்டதல்ல.

இரண்டாவது பயாப்சியில் உட்கருக்கள் எல்லாம் கருநீலம். வைரஸின் புரதங்களான எல்.எம்.பி.1, எப்னா 2 இரண்டும் பாசிட்டிவ். இந்த வைரஸ் எந்தப் புரதத்தை வெளிக்காட்டும் என்பதில் உடலின் காவலுக்குப் பெரும் பங்குண்டு. பர்கிட் கட்டியில் பெரும்பாலும் எப்னா 1 மட்டும்தான், எல்.எம்.பி.1-ஐ மட்டும் தேடினால் வைரஸே இல்லை என்று ஏமாறுவோம். ஹாட்ஜ்கின் என்ற இன்னொரு நெறிப் புற்றில் எல்.எம்.பி. புரதங்களும் சேரும், எப்னா 2 இராது. மாற்று உறுப்பைக் காக்கக் கொடுக்கும் மருந்து, காவல் காக்கும் டி செல்களை அடக்கிவைத்திருக்கும் உடலில் எல்லாமே வெளியே வந்துவிடும். இவர் விஷயத்தில் நடந்தது அதுதான்.

மருந்தின் அளவைக் குறைத்தார்கள். சில வாரங்களில் நெறி வற்றியது. என் முதல் ரிப்போர்ட் அப்படியே போயிருந்தால் அந்த முடிவு தள்ளிப்போயிருக்கும் என்ற நினைப்பு பல நாள் தூங்கவிடவில்லை. அவர் கழுத்தில் இரண்டு தழும்புகள். இரண்டாவது விழுந்திருக்கவே வேண்டாம்.

இப்போது நெறி பயாப்சி வருகிறது என்று தகவல் வந்ததுமே அறுவை அரங்குக்கு நானே போன் செய்கிறேன்: "சிஸ்டர், ஃபார்மலின்ல போட்டாச்சா? எத்தனை மணிக்கு?"