பானட்டும் ஒரு ஃபெண்டரும்: ஏழு ஞாயிற்றுக்கிழமைகள்

அப்பாவின் மாருதி 800க்கு இருபது வயது தாண்டிவிட்டது. 2003 மாடல், வெள்ளை. பானட்டில் கையை வைத்துத் தேய்த்தால் உள்ளங்கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். அந்த வெள்ளைக்கு மேலே கிளியர் கோட் என்கிற நிறமில்லாத மேல்பூச்சு கிடையாது, வெயில் நேராகப் பெயிண்டையே தின்றுவிடுகிறது. ரப்பிங் காம்பவுண்டு போட்டால் பளபளப்பு திரும்பிவிடும் என்று ஒரு நாள் உற்சாகமாகத் தேய்த்தேன். பளபளப்பு வந்தது. கூடவே பானட்டின் மடிப்பு விளிம்புகளில் அடிப்பூச்சான சாம்பல் நிறப் பிரைமரும் எட்டிப் பார்த்தது. சரி, இனி பெயிண்ட்தான்.

வண்டி முழுக்க அடிக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. பானட்டும், சக்கர வளைவில் துருக் கொப்புளம் விட்டிருந்த இடது முன் ஃபெண்டரும், அதாவது சக்கரத்துக்கு மேலே வரும் பக்கத் தகடும், மட்டும். இரண்டுமே போல்ட்டில் நிற்பவை. கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விடலாம். பானட்டைக் கழற்றும் முன் கீல் நின்ற இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். திரும்ப மாட்டும்போது இடைவெளி சரியாக உட்கார அந்தக் கோடு ஒன்றுதான் துணை. மாசியில் ஆரம்பித்தேன். கோவையில் ஆனி ஆடி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மாடியில் துணி காயப்போடுவதே கஷ்டம், ஸ்ப்ரே அடிப்பதைப் பற்றிப் பேச வேண்டாம்.

எந்தப் பெயிண்ட் என்பதில் ஒரு வாரம் போனது. பட்டறைகளில் இப்போது எல்லாம் ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் பி.யூ., அதாவது பாலியூரித்தேன் பெயிண்ட்தான். பளபளப்பும் உழைப்பும் அதில்தான். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். சாதாரணத் தூசி மாஸ்க் அதற்குக் காகிதம் மாதிரி. கீழ் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும்போது அந்த வேலை வேண்டாம் என்று பழைய என்.சி., அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்குப் போனேன். அது சீக்கிரம் மங்கும், பெட்ரோல் பட்டால் கரையும், தெரியும். ஆனால் நிமிடக்கணக்கில் காய்ந்துவிடுவதால் தூசி புகாத ஸ்ப்ரே அறை இல்லாத மாடியில் தூசி ஒட்டக் குறைந்த நேரமே கிடைக்கும். தப்புச் செய்தாலும் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம். என் போன்றவனுக்கு அது பெரிய சலுகை. இதில் கலக்கும் தின்னரும் லேசுப்பட்டதல்ல. கரி ஃபில்டர் வைத்த மாஸ்க் போட்டுத்தான் அடித்தேன், பக்கத்தில் நெருப்பு கூடாது.

முதல் ஞாயிறே ஒரு ரகசியம் வெளியே வந்தது. பழைய பெயிண்டின் மேல் என்.சி. அடிக்கும் முன், தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். கம்பெனி பெயிண்ட் சூளையில் வேகவைத்தது, அசையாது. பானட்டில் துணி சுத்தமாக இருந்தது. ஃபெண்டரில் தேய்த்தேன், துணியெல்லாம் வெள்ளை. அதாவது இந்த ஃபெண்டருக்கு ஏற்கெனவே யாரோ பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அப்பாவிடம் கேட்டேன். “இந்த வண்டி ஒரு கீறல் பட்டதில்ல” என்றார். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

80 நம்பர் உப்புத்தாளால் இறக்க இறக்க, வெள்ளை, சாம்பல், அப்புறம் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குப் பள்ளம் நிரப்பும் பட்டி, அதற்கும் கீழே சுத்தியல் தழும்பு. நல்ல டிங்கரிங் வேலைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் உள்பக்கம் சேறு அடைந்து, பட்டிக்கு அடியில் துரு ஓடியிருந்தது. வயர் பிரஷ் போட்டதும் குண்டூசி அளவில் நான்கு ஓட்டைகள். ஓட்டைக்கு மேல் பட்டி அப்பினால் பின்பக்கத்து ஈரம் ஒரே மழைக்காலத்தில் அதைத் தள்ளிவிடும். தெருமுனை டிங்கரிங் அண்ணனிடம் கொடுத்துச் சின்னத் தகடு வெல்டு வைத்துக்கொண்டு வந்தேன்.

பட்டி கலப்பது சமையல் மாதிரி. எலுமிச்சை அளவு பட்டிக்குப் பட்டாணி அளவு ஹார்டனர். பங்குனி மத்தியானத்தில் கொஞ்சம் தாராளமாக விட்டேன், தகட்டில் பூசுமுன் பலகையிலேயே கல்லாகிவிட்டது. அதைவிடப் பெரிய தப்பு அடுத்தது. தூசி பறக்கக் கூடாதென்று பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். அந்தப் பட்டி பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சும். மேலே பிரைமர் அடித்து, வெயிலில் வைத்த மறுநாள் கடுகு கடுகாகக் கொப்புளம். மூன்றாம் ஞாயிறு முழுக்க அதைச் சுரண்டுவதில் போனது. பட்டியைக் காய்ந்தபடியே தேய்க்க வேண்டும், தண்ணீர்ப் பேப்பர் எல்லாம் கடைசிப் பெயிண்டுக்கு.

தேய்க்கும் கட்டைக்கு ரப்பர் பிளாக் வாங்கினேன். அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தேய்ந்த ஹவாய் செருப்பை அறுத்துக் கொடுத்தார். ஃபெண்டர் வளைவுக்கு அதுதான் வளைந்து கொடுத்தது. மேடு பள்ளம் பார்க்க இன்னொரு வழியும் சொன்னார்: “உள்ளங்கைக்கு அடியில பனியன் துணிய வச்சு நீளமாத் தடவுங்க தம்பி.” வெறும் கை தோலில் இழுபடுகிறது, துணியோடு வழுக்கும்போது தாள் கனத்துப் பள்ளம்கூடத் தட்டுப்படுகிறது. நம்பிக்கை இல்லாமல் பிரைமர் மேல் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூவி, 400 நம்பர் தாளில் தேய்த்துப் பார்த்தேன். கை சொன்ன இடத்தில்தான் கறுப்பு மிச்சம் நின்றது.

கலருக்குப் பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். வெள்ளைதானே என்று நினைத்தேன். கடைக்காரர் புது வெள்ளையை அதன் பக்கத்தில் தொட்டு வைத்ததும், நம் வண்டி வேட்டிப் பழுப்பு என்று தெரிந்தது. மஞ்சளும் கறுப்பும் சொட்டுச் சொட்டாக விட்டு, காயவைத்து, பார்த்து, மறுபடி விட்டு, முக்கால் மணி நேரம்.

ஸ்ப்ரே அடித்த கதை சின்னது. கடன் வாங்கிய கம்ப்ரஸர், 1.4 மில்லிமீட்டர் முனை வைத்த ஸ்ப்ரே கன், விடிந்ததும் காற்று எழும் முன். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூடும்படி. மணிக்கட்டை வீசக் கூடாது, கை முழுதாக நகர வேண்டும். ஆறு மெல்லிய கோட். ஃபெண்டரின் கீழ் நுனியில் ஆசைப்பட்டு நின்றேன், ஒரு சொட்டு கண்ணீர் மாதிரி வழிந்தது. முந்தைய நாள் கோடை மழை பெய்திருந்ததால் பானட்டின் ஒரு பக்கம் மங்கிப் போனது. தின்னர் ஆவியாகும் வேகத்தில் தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் பெயிண்டிலேயே படிந்துவிடுகிறது. மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டர் கொஞ்சம் கலந்து அடுத்த வாரம் மேலே இன்னொரு கோட் அடித்ததும் தெளிந்தது.

இரண்டு வாரம் தொடவில்லை. அப்புறம் 1000, 1500, 2000 தண்ணீர்ப் பேப்பர், காம்பவுண்டு. மொத்தச் செலவு 4,300 ரூபாய், அதில் உப்புத்தாளே 600. ஏழெட்டு அடி தள்ளி நின்றால் நன்றாகவே இருக்கிறது. கிட்ட வந்தால் பானட்டின் நடுவில் ஒரு கொசு நிரந்தரமாகக் குடியிருப்பது தெரியும்.

மாட்டி முடித்த அன்று அப்பா வந்து பார்த்தார். பானட்டைப் பார்க்கவில்லை. நேராக ஃபெண்டர் பக்கம் போய்ச் சக்கர வளைவைத் தடவினார். கொஞ்ச நேரம் கழித்து, “சத்தி ரோட்டுல அந்த லாரிக்காரன் லைட்டே போடாம நின்னுட்டு இருந்தான்” என்றார். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்: “லைட்டு எரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு.”