திமிங்கிலத்தின் கதையை எங்கே நிறுத்துவது

துக்கத்தில் இருப்பவர்களை வட்டமாக உட்காரவைத்து “மனசு விட்டுப் பேசுங்க” என்று சொன்னால் ஒருவரும் பேசமாட்டார்கள். ஒரே விபத்தில் பலரைப் பறிகொடுத்த ஊராக இருக்கட்டும், கூட வேலை பார்த்தவரை இழந்த அலுவலகமாக இருக்கட்டும், எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் அவர்களுடைய இழப்பைப் பற்றி நான் முதலில் எதுவும் கேட்பதில்லை. ஒரு விலங்கின் கதையைச் சொல்லிவிட்டு, பேப்பரையும் க்ரேயானையும் நடுவில் வைத்துவிடுவேன்.

அதிகம் சொல்வது டாலக்வா என்ற ஓர்கா திமிங்கிலத்தின் கதை. 2018 ஜூலையில், வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் அது ஈன்ற குட்டி அரைமணி நேரம்போலத்தான் உயிரோடு இருந்தது. தாய் அதை விடவில்லை. தலையால் தாங்கிக்கொண்டு, நழுவி மூழ்கினால் முங்கி எடுத்துக்கொண்டு, 17 நாள், ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீந்தியது. அவ்வளவுதான் சொல்வேன். “அதே மாதிரி நீங்களும்...” என்று ஆரம்பித்தால் போச்சு, கதை உபதேசமாகிவிடும்.

அது நிஜமாகவே துக்கம்தானா என்று யாராவது கேட்பார்கள். ஆய்வாளர்களுக்குள்ளேயே அதில் ஒத்த கருத்து இல்லை என்று உள்ளதைச் சொல்வேன். அந்த வாதம் எனக்கு ரொம்பப் பயன்படுகிறது. தன்னைப் பற்றி வாய் திறக்காதவர்கூட திமிங்கிலத்துக்காக வாதாடுவார். “அத்தனை நாளும் அது சாப்பிட்டிருக்குமா?” என்று கேட்பவர் பெரும்பாலும் தானே சரியாகச் சாப்பிடாதவராக இருப்பார்.

ஒரு கூட்டத்தில் வயதான ஒருவர் தாயைவிடக் குட்டியைப் பெரிதாக வரைந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே “என்னங்க, குட்டி இவ்வளவு பெருசா?” என்றார். “தூக்கிட்டுப் போறதுக்குத்தானே கனம் தெரியும்” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு நீலத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். யாரைப் பறிகொடுத்தார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

படம் நன்றாக இருக்கிறது என்று நான் யாரையும் பாராட்டுவதில்லை, பாராட்டினால் அடுத்தவர் தன் தாளைக் கையால் மறைத்துக்கொள்வார். எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள், கடைசியில் எல்லாவற்றையும் விளிம்போடு விளிம்பாக ஒட்டிவிடுவோம். எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் தைக்கப்பட்ட நினைவுப் போர்வையிலிருந்து பிடித்துக்கொண்ட யோசனை இது. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரித்தபோது அதில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, கிட்டத்தட்ட ஒரு சவக்குழியின் அளவு. தைப்பவர் விருப்பப்படி என்ன வேண்டுமானாலும் தைக்கலாம், அளவு மட்டும் மாறாது. யாருடைய இழப்பு பெரியது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

தூக்கமே இல்லாதவர்கள், இனி வாழ்ந்து என்ன என்று பேசுபவர்கள் இருந்தால் க்ரேயான் போதாது. அவர்களை அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போக ஏற்பாடு செய்துவிடுவேன்.

டாலக்வாவுக்கு 2020இல் ஓர் ஆண் குட்டி பிறந்தது. கதையை அங்கே முடித்தால் சுபமாக இருக்கும்தான். ஆனால் பிள்ளையை இழந்தவரிடம் “இன்னொன்று பிறக்கும்” என்று ஏற்கெனவே போதுமான பேர் சொல்லியிருப்பார்கள், அதனால் நானாக அதைச் சொல்வதில்லை. “அப்புறம் என்ன ஆச்சு?” என்று அவர்களாகக் கேட்டால் 2020ஐயும் சொல்வேன், 2025 ஜனவரியில் அது மறுபடியும் இறந்த குட்டியொன்றைச் சுமந்து திரிந்ததையும் சொல்வேன். இரண்டாவதைக் கேட்டு என்மேல் கோபப்படுபவர்கள் உண்டு. அப்படிப்பட்ட கூட்டங்கள் சொன்ன நேரத்துக்கு முடிவதே இல்லை.