கசிவு நின்றது, குழி நிற்கிறது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தெருக்குழாய் வெடித்தால் அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. தண்ணீர்ப் பிரிவு ஆட்கள் தோண்டி, உடைந்த துண்டை மாற்றி, மண்ணைத் தள்ளிவிட்டுப் போவார்கள். மேலே தார் போடுவது பெரும்பாலும் வேறு பிரிவு, இல்லையென்றால் ஒரு ஒப்பந்தக்காரர். கசிவு நின்றதுமே புகார் எண்ணை 'முடிந்தது' என்று மூடிவிட்டால், தார் வேலைக்கென்று வேறு எண் திறக்காதவரை அந்தக் குழி எந்தக் கணக்கிலும் இல்லை. மண்ணையும் சுமார் 15 சென்டிமீட்டர் அடுக்கடுக்காகப் போட்டுத் திமிசு அடிக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால், சாட்ஸ்வர்த் போன்ற சரிவான பகுதியில் முதல் கோடை மழைக்கே உள்வாங்கிவிடும்.

ஊழியர்களின் சோம்பல் என்று இதைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. எதை எண்ணுகிறோமோ அதைத்தான் அலுவலகம் செய்யும். மூடிய புகார்களை எண்ணினால், மூடுவதே வேலையாகிவிடும். தென்னாப்பிரிக்க அரசு 1997இல் வெளியிட்ட 'பாதோ பெலே' (மக்களே முதல்) கொள்கையின் எட்டு நெறிகளில் ஒன்று பரிகாரம்: சொன்ன சேவை கிடைக்காவிட்டால் மன்னிப்பு, விளக்கம், விரைவான திருத்தம். ஆனால் பதிவேடு 'கிடைத்தது' என்று சொல்லும்போது யார் எதற்குப் பரிகாரம் தருவது?

மாற்ற வேண்டியது இலக்கின் சொற்களைத்தான். 'கசிவை நிறுத்த எத்தனை மணி நேரம்' என்பதோடு, 'புகார் வந்த நாளிலிருந்து தார் போட்டு முடிய எத்தனை நாள்' என்றும் இருக்க வேண்டும். இரு பிரிவுத் தலைவர்களின் செயல்திறன் ஒப்பந்தத்திலும் அதே வாசகம் வர வேண்டும். ஒருவர் தாளில் மட்டும் இருந்தால் பழி கைமாறும், வேலை கைமாறாது.

இந்த வாசகத்தை எழுதவைக்கக் காலம் பார்க்க வேண்டும். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. 2003ஆம் ஆண்டு நகராட்சி நிதிச் சட்டப்படி வரைவு பட்ஜெட் குறைந்தது 90 நாள் முன்பே மன்றத்துக்கு வந்துவிடும். ஒப்புதலுக்கான விவாதம் குறைந்தது 30 நாள் முன்பு. நடுவில் ஏப்ரல், மே மாதங்கள்தான் எழுத்தில் கருத்துச் சொல்லும் வேளை. பட்ஜெட் நிறைவேறி 28 நாளுக்குள் மேயர் காலாண்டு இலக்குகள் அடங்கிய செயல்திட்டத்துக்கு ஒப்பமிடுவார். அதன்பின் போய் நின்றால் அனுதாபம் கிடைக்கும், வாசகம் மாறாது.

வார்டு கமிட்டிக்கு (கவுன்சிலர் தலைவர், மற்றவர் 10 பேர் வரை) முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது, ஆலோசனைதான். ஆனால் அதன் கூட்டக் குறிப்பு ஆவணம். வாய்ப்பேச்சாகச் சொல்லாமல், புகார் எண், கசிவு நின்ற நாள், குழி இன்னும் திறந்திருக்கும் நாள்கள் என்று பட்டியலாகக் கொடுத்து, குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

பட்டியல் சேர வேண்டுமானால், குழாய் சரிசெய்த மறுநாளே பழைய எண்ணைக் குறிப்பிட்டு, தார் வேலைக்கு இரண்டாம் எண் வாங்க வேண்டும். பக்கத்து வீட்டு எண்ணும், அளவு தெரிய ஒரு செங்கல்லை வைத்து எடுத்த படமும் போதும். ஜனவரி 25க்குள் நகராட்சி மேலாளர் அரையாண்டு மதிப்பீட்டை மேயரிடம் தர வேண்டும். டிசம்பர் விடுமுறைக்கு முன்பே பட்டியல் மேலாளர் கையில் இருக்கட்டும்.