டிஜரிடூ ஊதி ஸ்லீப் ஆப்னியாவைக் குறைப்பது: நான்கு மாதப் பயிற்சியின் நடைமுறை

தூக்கத்தில் நாக்கின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் தளர்ந்து பின்னால் சரிகின்றன. தொண்டை ஒடுங்கினால் குறட்டை வருகிறது. முழுக்க ஒட்டிக்கொண்டால் மூச்சே நின்றுவிடுகிறது. இப்படித் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதுதான் ஸ்லீப் ஆப்னியா. 10 விநாடியாவது நிற்பதையோ வெகுவாகக் குறைவதையோ ஒரு தடை என்று கணக்கெடுத்து, மணிக்கு எத்தனை தடை என்று சொல்வதுதான் ஏ.எச்.ஐ. 5 முதல் 15க்குள் லேசு, 15 முதல் 30க்குள் நடுத்தரம், 30ம் அதற்கு மேலும் கடுமை. தூக்கப் பரிசோதனை செய்து இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் டிஜரிடூ என்ற ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட ஊதுகுழாயைத் தொட வேண்டும். மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளையே வராமல் நிற்கும் வகையும் உண்டு. அதில் கோளாறு தொண்டைத் தசையில் இல்லை என்பதால் ஊதிப் பயனில்லை.

எதிர்பார்ப்பையும் முதலிலேயே அளவாக வைத்துக்கொள்வது நல்லது. 2006ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த சுவிட்சர்லாந்து ஆய்வில் இருந்தவர்கள் 25 பேர். எல்லோரும் ஏ.எச்.ஐ. 15 முதல் 30 வரை உள்ளவர்கள். உடல் பருமன் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. நான்கு மாதம் ஊதியவர்களுக்கு, ஊதாமல் காத்திருந்தவர்களைவிட ஏ.எச்.ஐ. சுமார் 6 குறைந்தது. பகலில் வரும் தூக்கக் கலக்கத்தை அளக்கும் எப்வர்த் கணக்கில் 3 புள்ளி குறைந்தது. பக்கத்தில் படுப்பவரின் தூக்கமும் குறைவாகவே கெட்டது. ஆனால் கேள்வித்தாளில் சொன்ன தூக்கத் தரத்தில் வித்தியாசமில்லை. ஆகவே 22ல் இருப்பவர் 16க்கு வரலாம். 45ல் இருப்பவருக்கு இது, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்துவைக்கும் சி-பேப் கருவிக்கு மாற்று ஆகாது. அந்தக் கருவியை நிறுத்திவிட்டு ஊத ஆரம்பிப்பதுதான் இந்த வழியில் நடக்கும் ஆகப் பெரிய தப்பு.

குழாய்க்கு வருவோம். அந்த ஆய்வில் பயன்பட்டது சுமார் 130 செ.மீ. நீளமும் 4 செ.மீ. விட்டமும் உள்ள அக்ரிலிக் குழாய். அதே அளவில் பிவிசி பைப் இருந்தாலும் பயிற்சிக்குப் போதும். இந்த நீளத்துக்கு அடிநாதம் ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸில் நிற்கும். ஒரு மீட்டருக்குக் குறைந்தால் சுருதி ஏறும், உதட்டை இறுக்க வேண்டிவரும். தொடக்கத்தில் அது இடைஞ்சல். வெட்டிய விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். தேன்மெழுகை வெந்நீரில் இளக்கி, கயிறு போல உருட்டி, வாய்வைக்கும் முனையில் வளையமாக அழுத்துங்கள். உள்விட்டம் 3 செ.மீ. அளவில் நிற்கட்டும். வளையத்தில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று ஒழுகும், நாதம் கம்மும். குழாயை நெருப்பில் காட்டி வளைக்க வேண்டாம்; பிவிசி கருகினால் வரும் புகை நச்சு.

உதடு இறுகக் கூடாது. குதிரை மூச்சுவிடும்போது உதடு படபடக்குமே, அந்தத் தளர்ச்சி வேண்டும். முதல் சில நாள் வெறும் காற்றுச் சத்தம்தான் வரும். எக்காளம் போல மேல்சுரம் கிளம்பினால் உதடு இறுகிவிட்டது என்று அர்த்தம். இன்னும் பலமாக ஊதத் தோன்றும். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு. காற்றைக் குறைத்து, தாடையை இறக்கிவிட்டால் நாதம் தானாக அடியில் போய் உட்காரும். தலை கிறுகிறுத்தால் வேகவேகமாக மூச்சை இழுத்துத் தள்ளி கரியமில வாயுவை அளவுக்கு மீறி வெளியேற்றிவிட்டீர்கள். குழாயைக் கீழே வைத்து, சாதாரண மூச்சுக்குத் திரும்பும்வரை காத்திருங்கள். உட்கார்ந்தே பழகுங்கள். ஒரே மூச்சில் 20 முதல் 30 விநாடி அடிநாதத்தைப் பிடித்து நிறுத்துவது முதல் இலக்கு.

அதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். எனக்கு இதில்தான் ஆதங்கம். அடிநாதத்துக்கு உதடும் நெஞ்சும் போதும். தொண்டைக்கு வேலை வருவது சுழல்மூச்சில்தான். நாதம் அறாமல் மூக்கால் மூச்சு இழுப்பதுதான் சுழல்மூச்சு. அந்த அரை விநாடியில் நாக்கின் பின்பக்கம் எழும்பி மெல்லண்ணத்தோடு சேர்ந்து வாயைத் தொண்டையிலிருந்து அடைக்கிறது. வாயில் தேங்கிய காற்றைக் கன்னமும் நாக்கும் பிழிந்து தள்ளுகின்றன. மூக்கிலிருந்து நுரையீரலுக்கு வழி திறந்திருக்கிறது. தூங்கும்போது சரிகிற அதே நாக்கும் அதே மெல்லண்ணமும்தான் இங்கே உழைக்கின்றன.

இதைக் குழாயில் தொடங்காதீர்கள், தண்ணீரில் தொடங்குங்கள். வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, கன்னத்தை உப்பவிட்டு, கை கழுவும் தொட்டியில் மெல்லிய தாரையாகப் பீச்சுங்கள். பீச்சிக்கொண்டே மூக்கால் இழுத்து விடுங்கள். தாரை அறுந்தால் இழுக்கும் நேரத்தில் கன்னம் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. புரையேறினால் பின்னால் அடைப்பு சரியாக விழவில்லை. தண்ணீர் அளவைக் குறைத்துத் திரும்பச் செய்யுங்கள். அடுத்தது ஒரு தம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழல் விட்டுக் குமிழி எழுப்புவது. குமிழி நிற்காமல் ஒரு நிமிடம் வந்தால் குழாய்க்குப் போகலாம். அங்கே இழுக்கும் கணத்தில் நாதம் ஒரு குலுக்குக் குலுக்கும். அதை மறைக்க முயலாமல் தாளமாகவே வைத்துக்கொள்வது சுலபம்: 'வா' என்று வாயசைத்துக் கன்னத்தைப் பிழி, கூடவே மூக்கில் சுருக்கென்று ஓர் இழுப்பு. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு முட்டினால் இழுப்பது அதிகம், விடுவது குறைவு என்று பொருள். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை நீளமாக ஊதிக் காலி செய்துவிட்டு இழுங்கள். மூக்கடைப்பு உள்ள நாளில் சுழல்மூச்சு வராது; அன்று அடிநாதத்தோடு விடுங்கள்.

வாரத்துக்கு 5 நாளாவது, நாளுக்கு 20 நிமிடமாவது ஊத வேண்டும். ஆய்வில் இருந்தவர்கள் சராசரியாக வாரம் 6 நாள், 25 நிமிடம் ஊதினார்கள். ஞாயிறன்று இரண்டு மணி நேரம் சேர்த்து ஊதினால் உதடு வீங்கும், தசைக்கு ஒன்றும் சேராது. வேறு காற்று வாத்தியம் வாசிப்பவர்கள் அது போதுமா என்று கேட்பார்கள். சீவாளி வைத்த ஓபோ, பாஸூன் போன்றவை வாசிப்போரிடம் ஆப்னியா அபாயம் குறைவு என்று ஒரு கேள்வித்தாள் ஆய்வு சொன்னது. ஆர்கெஸ்ட்ராவின் காற்று வாத்தியக்காரர்களை மொத்தமாகப் பார்த்த இன்னோர் ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. வாத்தியம் எதுவானாலும் தொண்டைக்கு வேலை உண்டா என்று பார்ப்பேன்.

ஊதும்போது கண் அழுத்தமும் வயிற்று அழுத்தமும் ஏறும். கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா), குடலிறக்கம், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், முன்பு நுரையீரல் சுருங்கியது, அண்மையில் கண் காது அறுவை சிகிச்சை: இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

நான்கு மாதம் முடிந்ததும் மறுபடி தூக்கப் பரிசோதனை. மல்லாந்து படுத்தால் தடை கூடும். மதுவும் ஏ.எச்.ஐ.யை ஏற்றிவிடும். முதல் பரிசோதனையின் அறிக்கையில் எவ்வளவு நேரம் மல்லாந்து படுத்திருந்தீர்கள் என்று பெரும்பாலும் இருக்கும். அதையும் உடல் எடையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். குறட்டைச் சத்தம் குறைந்துவிட்டது என்று வீட்டில் சொன்னாலும் மாஸ்க்கை எடுத்துவைக்க அது காரணமாகாது. சத்தம் அடங்கிய தொண்டையிலும் மூச்சுத் தடை நடந்துகொண்டிருக்கலாம்.