முதுகு ஊசி மேல் போடும் பழி

எங்கட ஆரையம்பதிப் பக்கம் பிள்ளை பெற்றுப் பல வருடம் கழித்து இடுப்பு வலித்தாலும் பழி முதுகு ஊசிக்குத்தான். “சீசர் செய்யக்குள்ள குத்தினதுதான் மிஸ்ஸி, மறுகா இந்த நோவு போகவே இல்ல” என்பார்கள் மாமிமார். ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்யும் தாதி என்பதால் வழக்கு என்னிடமே வரும்.

ஊசியே போடாமல் பெற்றவர்களுக்கும் அந்த நோவு இருக்கிறது. பலருக்குக் கர்ப்பத்திலேயே தொடங்கிவிடும். அதற்காக, அந்த ஊசியில் போகும் விறைப்பு மருந்து நரம்பைக் கெடுக்கவே கெடுக்காது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

விறைப்பு மருந்து செய்வது, நரம்புக்குள் சோடியம் நுழையும் வாசலை அடைப்பது. சோடியம் போகாவிட்டால் வலிச் செய்தி நகராது. மருந்தை இரத்தம் கொண்டுபோனதும் வாசல் திறந்துவிடும். ஆனால் செறிவான மருந்து ஒரே இடத்தில் தேங்கினால் கலத்துக்குள் கல்சியம் ஏறும், கலத்துக்குச் சக்தி கொடுக்கும் இழைமணிகள் பழுதாகும், கலம் செத்தும் போகும்.

1991இல் அமெரிக்காவில் 4 நோயாளிகளுக்கு நடந்ததை மருத்துவர்கள் எழுதினார்கள். பெரும்பாலும் முதுகுக்குள் விட்ட மிக மெல்லிய குழாய், அதன் வழியே 5 வீத லிக்னோகெயின் என்ற விறைப்பு மருந்து. மெதுவாக இறங்கிய மருந்து பரவாமல் முள்ளந்தண்டின் அடியிலுள்ள குதிரைவால் நரம்புகளில் தேங்கிவிட்டது. விறைப்புப் போதவில்லை என்று இன்னும் ஏற்ற, அதுவும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. ஆசனப் பக்கம் உணர்வில்லை, சிறுநீர், மலம் அடக்க முடியவில்லை. அடுத்த வருடமே அந்த மெல்லிய குழாய்களை அங்கே சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இப்போது சீசருக்கு வழக்கமாகப் போடுவது 0.5 வீத பியூபிவகெயின் என்ற விறைப்பு மருந்து, ஏறக்குறைய 2 மில்லிலீற்றர், ஒரே தடவை. தலையணையைக் கட்டிப்பிடித்து இறால் மாதிரி வளைந்திருக்கச் சொல்வோம். மருந்து போன கொஞ்ச நேரத்தில் “கால் சுடுது மிஸ்ஸி” என்பார்கள். அப்புறம் ஸ்பிரிட் பஞ்சை வயிற்றில் வைத்து, குளிர் தெரிகிறதா என்று மேலே மேலே கேட்டுக்கொண்டு போவோம். மார்பு வரை தெரியாவிட்டால்தான் கத்தி.

மறுநாளும் கால் விறைப்பு விடவில்லை, ஆசனப் பக்கம் தொட்டால் தெரியவில்லை, சிறுநீர் போகவில்லை என்றால் உடனே வார்டில் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் தெரிந்தாலும் எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வாருங்கள்.